ஊசிக்கைக்கு ஒரு தனித் தூண்

உள்ளே வாம்மா. பார்த்து, அந்த மேசையில் மட்டும் இடித்துவிடாதே. வேகமாக நடந்தால்கூட அதற்குத் தெரிந்துவிடும். இப்படி ஜன்னலோரம் உட்கார். நீதானே பிரவீணா? உன் அப்பா காட்டிய போட்டோவில் இன்னும் கொஞ்சம் பூசினாற்போல இருந்தாய். அவர் கணபதி ஏரியாவுக்குப் போயிருக்கிறார், லேத் பட்டறைக்கு. வருகிற நேரம்தான். பெட்டியோடு வந்து பூட்டிய கதவைப் பார்த்ததும் பயந்துவிட்டாயாக்கும். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போனார். எப்போதும் அப்படித்தான். தருகிறேன், இரு. முதலில் காபி குடி.

நீ வந்ததும் நல்லதாகப் போயிற்று. உன்னிடம் ஒரு குறை சொல்ல வேண்டும். நாளை மாலை ரயிலில் அவரைப் புனேவுக்கு அழைத்துக்கொண்டு போகப் போகிறாய். இனி அங்கேதான் இருப்பார், இந்த வீட்டை வாடகைக்கு விடப் போகிறீர்கள். வாட்ச்மேன் ஆறுசாமி வரைக்கும் இந்தச் செய்தி வந்துவிட்டது. போகட்டும். மகள் வீட்டுக்குப் போகிறவரைத் தடுக்க நான் யார்? எதிர்வீட்டுக்காரி. ஆனால் எடுத்த வேலையை முடிக்காமல் போகிறாரே, அது நியாயமா? நீயே சொல்.

என்ன வேலையா? உன்னிடம் போனில் சொன்னதே இல்லையா? அதிசயமாக இருக்கிறது. இதோ மேசைமேல் நிற்கிறதே, இதுதான்.

நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுத்தவள். பேச ஆரம்பித்தால் புத்தகம் மாதிரி வரும் என்று உன் அப்பா கேலி செய்வார். பொறுத்துக்கொள். இது என் வீட்டுக்காரர் வாங்கிய ரெக்கார்டு பிளேயர். இதில் பெல்ட் கிடையாது. மோட்டாரின் தண்டுமேலேயே தட்டு உட்கார்ந்திருக்கிறது. மோட்டார் சுற்றினால் தட்டும் சுற்றும், நடுவில் ஆளே இல்லை. டைரக்ட் டிரைவ் என்பார்கள். அவர் இருந்தவரைக்கும் வெள்ளிக்கிழமை தோறும் இதன் மரப்பெட்டியைத் துடைத்துப் பளபளவென்று வைப்பார். அவர் போன பிறகு மேலே ஒரு துணியைப் போட்டு மூடினேன். எட்டு வருஷம். துணியை மட்டும் துவைத்துத் துவைத்துப் போட்டேன். அடியில் இருப்பதைத் தொடவில்லை.

போன தீபாவளிக்கு வீட்டைத் துடைக்கும்போது என்னவோ தோன்றி ஒரு வீணை ரெக்கார்டை எடுத்துப் போட்டேன். சஹானா ராகம். மெதுவாக, நீளமாகப் போகிற ஆலாபனை, பின்னால் தம்புரா. வீணைக்குக் கீழே 'உம்' என்று ஒரு முனகல். யாரோ அடுத்த அறையில் படுத்துக்கொண்டு முனகுகிற மாதிரி. எனக்குப் பொறுக்கவில்லை. திருப்புளியோடு நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் உன் அப்பா பால் பாக்கெட்டோடு வந்தார். பால்காரப் பையன் என்னுடையதை அவர் வாசலில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

"என்னுங்க டீச்சர், மோட்டாருங்களா?" என்றார்.

"முனகுகிறது சார்."

"எதுங்க?"

"முனகல், சார். கேட்கவில்லையா?"

கிட்டே வந்து பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பாரே, அந்த மாதிரி. "நடுங்குதுங்க" என்றார். "மில்லுல நூல் சுத்தற கதிர் நடுங்குச்சுன்னா நாங்க கதிரைத் திட்ட மாட்டோமுங்க. அது உக்காந்திருக்கற சட்டத்தைத்தான் பாப்போம். மோட்டார் நல்லாத்தான் இருக்குது. இந்தப் பொட்டிதான் எல்லா நடுக்கத்தையும் வாங்கி ஊசிக்குக் குடுக்குது. பொட்டியே வேண்டாமுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டுக்காரர் துடைத்துத் துடைத்து வைத்த பெட்டி. ஆனால் சொன்னதில் இயற்பியல் சரியாக இருந்தது. ஸ்பின்னிங் மாஸ்டராக ஆயுசெல்லாம் கதிர்களோடு இருந்தவர் அல்லவா. அன்று மாலையே இருவரும் உட்கார்ந்து பெட்டியைக் கழற்றினோம். மோட்டார் மட்டும் தனியாக வந்தது. அதன் சர்க்யூட் போர்டை ஒரு பழைய முறுக்கு டின்னுக்குள் வைத்து மூடினோம். மூன்று காலை வைத்து மோட்டாரை மேசையில் நிறுத்தினால், மேல்சட்டை இல்லாத மனுஷனை நடுக்கூடத்தில் நிற்க வைத்த மாதிரி இருந்தது. எனக்கே கூச்சமாகப் போய்விட்டது. மறுநாள் தபால் கொடுக்க வந்த ஆறுசாமி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க டீச்சர், இட்லிக் குண்டானுக்கு எதுக்குங்க கரண்டு?" என்று கேட்டான்.

சிரி, சிரி. நாங்களும் அன்றைக்கு அப்படித்தான் சிரித்தோம். உன் அப்பாவுக்குச் சிரித்தால் கண்ணில் தண்ணீர் வரும், தெரியுமா? மகளுக்குத் தெரியாமல் இருக்குமா. பார், நான் வேறு.

சரி, பெட்டி போயிற்று. ஊசி இருக்கிற கை எங்கே நிற்கும்? அது இத்தனை நாளும் பெட்டியில்தானே மாட்டியிருந்தது. மோட்டாரோடு சேர்த்து முடுக்கினால் பழையபடி நடுக்கம் தொற்றிக்கொள்ளும். அதனால் கைக்கென்று தனியாக ஒரு தூண். இது உன் அப்பா யோசனைதான். பட்டறையில் கிடந்த பம்ப்செட் ஷாஃப்டில் ஒரு துண்டை வெட்டி, கடைந்து, மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டு வந்தார். "என்னுங்க, சாமி சிலைங்களா?" என்று டிரைவர் கேட்டாராம். இவர் "ஆமாமுங்க" என்று சொல்லிவிட்டார். டிரைவர் அதற்கப்புறம் ஒரு பள்ளத்தில்கூட விடாமல் ஓட்டினாராம்.

இதில் சூட்சுமம் என்னவென்றால், மோட்டாரும் தூணும் ஒன்றையொன்று தொடவே கூடாது. பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அவரவர் காலில் நிற்க வேண்டும். அதற்காகத் தள்ளியும் போய்விடக் கூடாது. ஒரு நூல் தூரம் கூடினாலும் ஊசி ரெக்கார்டின் பள்ளத்தில் நேராக உட்காராது, ஓரத்தைச் சுரண்டும். தொடாமலும் இருக்க வேண்டும், தள்ளிப் போகாமலும் இருக்க வேண்டும். சரியான தூரத்தில் நின்றுவிட்டால் பிறகு சங்கீதம்தான்.

ஏன் எழுந்து வாசலைப் பார்க்கிறாய்? அப்பா இன்னும் வரவில்லை. எங்கள் இரண்டு கதவும் நேருக்கு நேர்தான் இருக்கின்றன. அதில் பார்க்க என்ன இருக்கிறது? உட்கார்.

அந்தத் தூரத்தை அளக்க ஓர் அட்டை வேண்டியிருந்தது. வளையாத, நல்ல கெட்டி அட்டை. வீடு முழுக்கத் தேடி உன் அப்பா ஒன்று கொண்டு வந்தார். இதோ. உன் கல்யாணப் பத்திரிகைதான். கோபித்துக்கொள்ளாதே. தட்டின் நடுவில் நிற்கிற குச்சிக்கு ஓர் ஓட்டை போட வேண்டியிருந்தது, அது சரியாக உன் வீட்டுக்காரர் பெயரில் விழுந்துவிட்டது. "மாப்பிள்ளைகிட்டச் சொல்லீராதீங்க" என்று உன் அப்பா பயந்தார். நான் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

இதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. குறை இனிமேல்தான்.

தினமும் சாயங்காலம் வருவார். நான் காபி போடுவேன். அந்த வீணை ரெக்கார்டைப் போடுவோம். கேட்டு முடித்ததும் நான், "எப்படி சார்?" என்பேன். "தம்புராவுல ஒரு நடுக்கம் இருக்குதுங்க டீச்சர்" என்பார். எனக்கு ஒன்றும் கேட்காது. மோட்டார்க் காலுக்கு ரப்பர் வாஷர் போட்டோம். நடுக்கம் இருக்கிறது என்றார். சைக்கிள் டியூபை வெட்டி வைத்தோம். இருக்கிறது என்றார். டென்னிஸ் பந்தைப் பாதியாக அறுத்து வைத்துப் பார்த்தோம். தட்டு கள் குடித்த மாதிரி ஆடியது. அதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லீங்க, இது கொஞ்சம் தேவலை" என்கிறார். என்ன காதோ. பிறகு கடப்பைக் கல்லில் ஒரு பலகை வாங்கி அடியில் போட்டோம். அப்போதும் இருக்கிறதாம்.

எனக்குக் காது நன்றாகக் கேட்கும். கடைசி பெஞ்சில் முணுமுணுக்கிற பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவள் நான். எனக்குக் கேட்காத நடுக்கம் இவருக்கு மட்டும் எப்படிக் கேட்கிறது? பிறகு நானே சமாதானம் செய்துகொண்டேன். ஆயிரம் கதிர் சுற்றுகிற சத்தத்தில் எது சரியில்லை என்று கண்டுபிடித்த காது. நம் காது வேறு, அது வேறு.

என்ன கேட்டாய்? காதுக்கு மெஷினா? அவருக்கா? நீயே வாங்கிக் கொடுத்தாயா, இரண்டு காதுக்குமா? இங்கே வரும்போது போட்டுக்கொண்டு வந்ததே இல்லையே. அதெல்லாம் எதற்கு அவருக்கு? எனக்குக் கேட்காததே அவருக்குக் கேட்கிறது. டாக்டர்கள் இந்தக் காலத்தில் எதையாவது எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். காலிங் பெல் அடித்தால் சில நேரம் திறக்க மாட்டார், வாஸ்தவம்தான். அது கவனம் எங்கேயோ இருப்பதால். நான் ஒன்று சொன்னால் வேறொன்றுக்குப் பதில் சொல்வார். மில்காரர்கள் அப்படித்தான். நான்தான் கொஞ்சம் உரக்கப் பேசப் பழகிக்கொண்டேன். வகுப்பெடுத்த தொண்டை, சிரமமில்லை.

நீ ஏனம்மா வாயைப் பொத்திக்கொள்கிறாய்? காபி சூடா?

இன்னொன்று. ரெக்கார்டு ஓடும்போது மற்றவர்கள் தட்டைப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் கண்ணை மூடிக்கொள்வார்கள். உன் அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ரெக்கார்டு அங்கே ஓடுகிறது சார். என்னை என்ன பார்க்கிறீர்கள்?"

"உங்க மொகத்துலயே தெரியுதுங்க, எந்த எடத்துல நல்லா இருக்குதுன்னு" என்றார். அதுவும் ஒரு பரிசோதனை முறைதான். கருவியைப் பார்க்காமல் அளவுமானியைப் பார்ப்பது. நான் ஒத்துக்கொண்டேன்.

போன மாதம் ஒருநாள் பல்லைப் பிடுங்கப் போயிருந்தார், மாலையில் வரவில்லை. நான் மட்டும் ரெக்கார்டைப் போட்டேன். பிரவீணா, அன்றைக்கு அந்த வீணை வந்த விதத்தை எப்படிச் சொல்வது? அடியில் முனகல் இல்லை, மேலே தூசி இல்லை. தந்தியிலிருந்து விரல் எடுக்கிற சத்தம்கூட வந்தது. ஒரு சுரம் தேய்ந்து தேய்ந்து போய், எங்கே முடிந்தது என்று தெரியாமல் அறைக்குள்ளேயே நின்றது. ஒரு குறை கிடையாது. வேலை முடிந்துவிட்டது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பாதியிலேயே ஊசியைத் தூக்கிவிட்டேன். காரணம் ஒன்றுமில்லை, பழக்க தோஷத்தில் இரண்டு தம்ளர் காபி போட்டிருந்தேன். ஒன்று அங்கே ஆறிக்கொண்டு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு எப்படிப் பாட்டுக் கேட்பது.

மறுநாள் அவர் வந்ததும் சொன்னேன். வாத்தியார் குணம், நிரூபித்தே ஆக வேண்டும். கடப்பைக் கல்மேல் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து மோட்டாரை ஓட்டிக் காட்டினேன். தண்ணீரில் ஒரு சுருக்கம் இல்லை. "பாருங்கள் சார். நடுக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. இத்தனை நாள் உங்களுக்குக் கேட்டதெல்லாம் பிரமை. வேலை முடிந்தது" என்றேன். தலைமையாசிரியர் மணி அடித்து நீண்ட விடுமுறை விட்ட மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். அவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதுங்களா டீச்சர்?"

"முடிந்தது சார்."

"அப்ப சரிங்க" என்றார். காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். பாராட்டி ஒரு வார்த்தை இல்லை. எனக்குக் கோபமாக வந்தது. அதற்கப்புறம் இந்தப் பக்கமே காணோம்.

எந்தக் கிழமை என்று கேட்கிறாயா? அது ஏதோ புதன்கிழமை. ஏன்? அன்றைக்கு ராத்திரிதான் உனக்குப் போன் செய்து புனே வருகிறேன் என்றாரா? இரண்டு வருஷமாக நீ கூப்பிட்டும் அசையாதவரா? இருக்கலாம். பல் வலி வந்தால் மனுஷருக்குப் பிள்ளைகள் ஞாபகம் வரும்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. ஆறுசாமிதான் வந்து சொன்னான். "சாரு மக ஊருக்கே போறாருங்களாமா டீச்சர். இனி இந்த மாடியில பேச்சுச் சத்தமே இருக்காதுங்க." அன்று மாலை சும்மாதான் அந்த ரெக்கார்டைப் போட்டேன். நீ நம்ப மாட்டாய், அன்றைக்குத்தான் எனக்கே முதல் முறையாக அந்த நடுக்கம் கேட்டது. தம்புராவில். அவர் சொன்ன அதே இடத்தில். எவ்வளவு பெரிய காது அந்த மனுஷருக்கு என்று அப்போதுதான் புரிந்தது. உடனே போய்க் கதவைத் தட்டினேன். பெல்லும் அடித்தேன். வெகுநேரம் கழித்துத் திறந்தார்.

"சார், நடுக்கம் இருக்கிறது."

"என்னுங்க?"

"நடுக்கம் இருக்கிறது, சார்."

"இருக்காதுங்க டீச்சர். நீங்கதான தண்ணி வெச்சுக் காட்டுனீங்க."

"தண்ணீர் தப்பாகக் காட்டும். நீங்கள் சொன்னதுதான் சரி."

"எனக்கு ஒண்ணும் கேக்கலீங்க. வேலை முடிஞ்சுதுன்னீங்க, முடிஞ்சுபோச்சுங்க. நான் போறனுங்க" என்கிறார். எப்படி இருக்கிறது பார். இத்தனை நாள் இருக்கிறது இருக்கிறது என்று பாடியவர், எனக்குக் கேட்க ஆரம்பித்ததும் இல்லை என்கிறார். உள்ளே துணிப்பெட்டி திறந்து கிடந்தது. சட்டையை மடிக்கக்கூடத் தெரியவில்லை, சுருட்டிச் சுருட்டி வைத்திருந்தார். நானே மடித்துக் கொடுத்தேன். மடித்துக்கொண்டே சண்டை போட்டோம். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். தூணின் அடிப்பாகம் மேசையில் முழுக்கப் படியவில்லையோ என்னவோ, பட்டறையில் கொடுத்து இன்னொரு தரம் சீவிக்கொண்டு வருவது. பிறகு நீ வந்து கேட்டுச் சொல்வது. "பாப்பாவுக்கு நல்ல காதுங்க. அது சரின்னு சொல்லிருச்சுன்னா நிம்மதியா ரயில் ஏறிருவனுங்க" என்றார்.

ஆமாம், நீதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் அவர் இந்த வெயிலில் கணபதிக்குப் போயிருக்கிறார். உள்ளதை உள்ளபடி சொல். எனக்காகவும் சொல்லாதே, அவருக்காகவும் சொல்லாதே. பரிசோதனை என்று வந்துவிட்டால் அதில் பாரபட்சம் கூடாது.

அதோ, படியில் செருப்புச் சத்தம். அவர்தான். வாருங்கள் சார். மகள் வந்து எத்தனை நேரமாகிறது. இப்படிக் கொடுங்கள், நான் துடைக்கிறேன். அடிப்பாகம் கண்ணாடி மாதிரி வந்திருக்கிறதே. நீங்கள் அந்தப் பக்கம் பிடியுங்கள், நான் இந்தப் பக்கம். இன்னும் சிறிது. என் பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள். போதும். கையை எடுங்கள், நானும் எடுக்கிறேன். நிற்கிறது.

போடுகிறேன். யாரும் பேசக் கூடாது.

...

எங்கே அம்மா பார்க்கிறாய்? என் முகத்தில் என்ன இருக்கிறது? உன் அப்பாவைப் பார்க்காதே, ரெக்கார்டைக் கேள்.

...

முடிந்தது. சொல். சார், நீங்கள் ஏன் அப்படி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்? சிறு பெண், பயந்துவிடப் போகிறாள். சொல், பிரவீணா. சரியாக இருக்கிறதா?

என்ன?

இருக்கிறதா? எங்கே? தம்புராவிலா? வீணையிலும்கூடவா?

உரக்கச் சொல், அவருக்குக் கேட்கட்டும். கேட்டீர்களா சார்? உங்கள் பெண்ணே சொல்கிறாள். நன்றாகவே நடுங்குகிறதாம். இப்படிப் பாதியில் விட்டுவிட்டுப் போகக் கூடாதாம். நான் சொன்னால் நம்பவில்லை, இப்போது என்ன சொல்கிறீர்கள்? எனக்கும் கேட்டது. போன தடவையைவிட அதிகமாகவே கேட்டது.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்கிறாள், பதில் சொல்லுங்கள் சார். சிரித்தால் எப்படி? இது ஒருநாளில் முடிகிற காரியமா, அம்மா. மோட்டாரை முழுக்கப் பிரிக்க வேண்டும். மேசையையே மாற்ற வேண்டியிருக்கலாம். தூணைப் பித்தளையில் செய்து பார்க்கலாம், கல்லில் செய்து பார்க்கலாம். அவசரப்பட்டால் கெட்டுவிடும். சார், உட்காருங்கள், கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள், காபி கொண்டு வருகிறேன்.

நீ யாருக்குப் போன் போடுகிறாய்? உன் வீட்டுக்காரருக்கா? ஒரு டிக்கெட்டை மட்டும் ரத்து செய்யச் சொல்கிறாயா? பணம் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள், பிடித்துக்கொள்ளட்டும். எனக்கென்று இதில் ஒன்றும் இல்லை, பிரவீணா. வேலை பாதியில் நிற்கக் கூடாது, அதற்காகத்தான் சொல்கிறேன்.